வந்த நிலை, விட்ட நிலை

அளவுக்கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தரும் அந்த ஆய்வகத்தில் அவருக்குத் தசமம் என்று பெயர். மணி கேட்டால் பத்தேகால் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பத்து பதினாலு என்பார். "தசமம் சார் டீயை வாயில வெச்ச உடனே எத்தனை டிகிரின்னு சொல்லிடுவாரு. ஆறிப்போச்சுன்னு மட்டும் சொல்லத் தெரியாது" என்று தேநீர் கொண்டு வருபவர் ஒருநாள் சொன்னபோது அறையே சிரித்தது. அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததாக நினைவில் வைத்துச் சொல்லக்கூடிய கடைசிச் சம்பவங்களுள் அதுவும் ஒன்று. அப்போது அவர் மனைவி உயிருடன் இருந்தார்.

இருபத்திரண்டாம் வயதில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தவர், ஒன்பதாம் ஆண்டில் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றார். அதன்பின் இருபது ஆண்டுகள். பிள்ளைகள் இல்லை. மனைவி நகர நூலகத்தில் புத்தகம் கட்டும் பிரிவில் இருந்தவர். சிறுநீரகம் பழுதாகிப் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்து, ஒரு சனிக்கிழமை காலையில் இறந்துபோனார். இவர் ஏழாம் நாள் வேலைக்குத் திரும்பினார். அழுது யாரும் பார்த்ததில்லை. உறவினர்கள் முதலில் தைரியசாலி என்றார்கள். ஆறு மாதம் கழித்துக் கல்நெஞ்சக்காரர் என்றார்கள். பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். உண்மை இரண்டுமில்லை. அவருக்குள் எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான். காலையில் எழுந்தார், முகம் மழித்தார், பேருந்து ஏறினார். இரவு உணவு, அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே குடியிருந்த தங்கை வீட்டில். உப்பு குறைந்தால் குறைந்தது என்று சொல்வதுகூட இல்லை.

அவருடைய தொழிலில் பிறழக் கூடாத விதி ஒன்று உண்டு. சரிபார்க்க வரும் எந்தக் கருவியையும் தொட்டுத் திருத்துவதற்கு முன், அது வந்தபோது எப்படி இருந்தது, எவ்வளவு தவறாகக் காட்டியது என்பதை எழுதிவிட வேண்டும். அந்தப் பத்திக்கு வந்த நிலை என்று தலைப்பு. திருத்திய பின் எடுக்கும் அளவுகள் விட்ட நிலை என்ற பத்தியில் போகும். வந்த நிலையை எழுதாமல் திருத்திவிட்டால், அந்தக் கருவி நேற்றுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை உலகத்தில் யாராலும் திரும்ப அறிய முடியாது. புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் ஒருவர்தான் ஒரு முறைகூடத் தவறவிடாதவர் என்று பெயர் எடுத்திருந்தார்.

தங்கை கணவர், வெந்நீர் ஹீட்டர் செய்யும் தொழிற்சாலையில் சோதனையாளர். இரண்டு ஆண்டுகளாக அந்த வேலை. முடிந்து வரும் ஒவ்வொரு ஹீட்டரையும் கசிவு சோதிக்கும் கருவியில் மாட்டுவார். ஹீட்டரின் உடம்பு வழியாக மின்சாரம் எவ்வளவு கசிகிறது என்று அந்தக் கருவி பார்க்கும். 0.75 மில்லியாம்பியர் வரை பச்சை விளக்கு. அதைத் தாண்டினால் சிவப்பு விளக்கும் ஓசையும். பச்சை எரிந்தால் இவர் முத்திரை ஒட்டுவார். வேலை அவ்வளவே. மனிதர் கலகலப்பானவர். வீட்டுக்கு வரும்போதே படியில் பாட்டுச் சத்தம் கேட்கும்.

அந்தப் பாட்டு நின்றுபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு வீட்டில் குளியலறைக் குழாயைத் தொட்ட பெண்மணிக்குச் சுரீரென்று அடித்து, கையை உதறியதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. தொழிற்சாலைக்காரர்கள் அந்த ஹீட்டரைக் கழற்றி வந்து வேறொரு கருவியில் பார்த்தார்கள், கசிவு 1.30. தொழிற்சாலைக் கருவியிலோ 0.65 காட்டிப் பச்சை எரிந்தது. கருவியின் பக்கவாட்டுத் திருகின் மேல் ஆய்வகம் ஒட்டிய காகித முத்திரை உரிந்து தொங்கியது. அதற்குமேல் அவர்களுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கருவி முன்னால் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர் யார்? சிவப்பு எரிந்தால் யாருடைய அன்றைய எண்ணிக்கை குறையும்? சோதனையாளரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, விசாரணைக்கு நாளும் குறித்தார்கள்.

"ஆவி அடிச்சு அடிச்சு அதுவா உரிஞ்சுச்சு மச்சான். அந்த ஹால்ல செவுத்துல ஒட்டின காலண்டரே நிக்காது. ஸ்டிக்கர் எங்க நிக்கும்?" என்றார் தங்கை கணவர், தட்டில் கை வைக்காமல்.

"இதை அங்க சொன்னீங்களா?"

"சொன்னேன். ‘காலண்டர் கதையெல்லாம் வெள்ளிக்கிழமை சொல்லு, எழுதிக்கிறோம்’னாங்க. எழுதிக்கிற மூஞ்சியா அது!"

"அண்ணா, வெறுமனே வேலை போனாப் பரவாயில்ல" என்றாள் தங்கை. "மெஷினைக் கெடுத்தான்னு எழுதி அனுப்பிட்டா இனிமே எந்த வாசல்லயும் ஏற முடியாது. நாப்பத்தாறு வயசுல இவரு எங்க போவாரு?"

அவர் உண்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, கருவிகளைப் பற்றிக் கேட்கும் அதே குரலில் கேட்டார்: "நீங்க கை வெச்சீங்களா மாப்பிள்ளை?"

தங்கை கணவர் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். தட்டு கழுவும் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது.

"உனக்கு எப்படிண்ணா அந்த வார்த்தை வாயில வருது?" என்றாள் தங்கை. "வீட்டு ஆளை இப்படியா கேப்பாங்க? அண்ணி போனதுல இருந்து நீ மனுஷனாவே இல்ல."

"கேட்டாத்தானே தெரியும்" என்றார் அவர். தவறாகக் கேட்டுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. சரியாகக் கேட்டோம் என்றும் தோன்றவில்லை. மாடியேறிப் போய்ப் படுத்துவிட்டார்.

விசாரணை வெள்ளிக்கிழமை. அந்தக் கருவி புதன்கிழமை காலை ஆய்வகத்துக்கு வந்தது. கூடவே ஒரு கடிதம்: மாற்றப்பட்டிருக்கும் அமைப்புகளை நீக்கி, கருவியை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவந்து தரவும். வேறெதுவும் கேட்கப்படவில்லை.

அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனார். "மேடம், இந்த மெஷின்ல வேலை பார்க்கிறவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். நான் இதைத் தொடறது முறையில்ல."

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "இந்தப் பழைய மாடலைத் திறக்கத் தெரிஞ்ச வேற ஆள் இங்க யாரு இருக்கா, சொல்லுங்க? உறவுன்னு தாள்ல ஒரு வரி எழுதிடுங்க, நான் பக்கத்துல கையெழுத்துப் போடறேன். அசல் நிலைக்குத்தானே கேக்கறாங்க? திருப்பி வெச்சு நாளைக்கு அனுப்பிடுங்க. இதுல சொந்தம் என்ன, பந்தம் என்ன."

அவர் கருவியை மேசையில் ஏற்றி, மின்னிணைப்புக் கொடுத்து, சூடாக அரைமணி நேரம் விட்டார். அறை வெப்பம் 23.1, ஈரப்பதம் 48. இரண்டையும் எழுதிக்கொண்டார். உடம்பின் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க மணிக்கட்டில் நிலத்தொடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, அளவு துல்லியமாகத் தெரிந்த மின்னோட்டத்தைக் கருவிக்குள் செலுத்தினார். 0.50 கொடுத்தார், 0.250 என்றது. 0.75 கொடுத்தார், 0.375. 1.50 கொடுத்தபோதுதான் கருவிக்கு 0.750 ஆனது, அதற்குமேல் ஒரு துளி ஏற்றிய பிறகே சிவப்பு எரிந்து ஓசை எழுந்தது. எல்லா இடத்திலும் அச்சாகப் பாதி. கெட்டுப்போன கருவி இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யாது. யாரோ வேண்டுமென்றே, தொழில் தெரிந்து செய்த வேலை. தங்கை கணவருக்கு வானொலிப் பெட்டிக்குப் பேட்டரி மாற்றவே தடுமாற்றம் என்பது அவருக்குத் தெரியும்.

மூடியைக் கழற்றினார். பலகையின் நடுவே, அளக்கும் மின்தடைக்கு இணையாக இன்னொரு மின்தடை பற்றவைக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே மதிப்பு. மின்னோட்டம் இரண்டிலும் சமமாகப் பிரிந்துபோகும், ஆகவே பாதி. பற்றவைத்தவர் கம்பியின் நுனியை இடப்பக்கம் மடித்து, மிச்சத்தைத் தட்டையாக வெட்டியிருந்தார். அவர் உருப்பெருக்கியைக் கீழே வைத்தார். இருபத்தொன்பது ஆண்டுகளாகக் கம்பியை இடப்பக்கம் மடித்துத் தட்டையாக வெட்டுபவர் அந்த ஆய்வகத்தில் ஒருவர்தான்.

மூடியின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘பெரிய ஹீட்டருக்காகத் தற்காலிக மாற்றம். காட்டும் அளவை இரண்டால் பெருக்குக. உற்பத்தி முடிந்ததும் நீக்க வேண்டும்.’ கீழே தேதி, கையொப்பச் சுருக்கம். அவருடைய எழுத்து.

தேதியைப் படித்தார். மனைவி இறப்பதற்கு நான்கு நாள் முன்.

நினைத்துப் பார்த்தார். தொழிற்சாலையில் அப்போதிருந்த மேற்பார்வையாளர் தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டும். அந்த மேற்பார்வையாளர் பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார். பெரிய ஹீட்டர்களுக்கு அனுமதிக்கப்பட்ட கசிவு இருமடங்கு. ஆகவே இப்படிச் செய்வது நியாயமான ஏற்பாடுதான். முன்பக்கத்தில் ‘இரண்டால் பெருக்குக’ என்று ஒரு ஒட்டுத்தாளும் ஒட்டியிருப்பார். அதுவும் ஆவியில் உரிந்து போயிருக்கும். இதெல்லாம் யூகம். அந்த நாள் அவருக்கு நினைவில் இல்லை. அந்தப் பதினொரு நாளில் எதுவுமே நினைவில் இல்லை. அடைத்த கதவுக்கு முன் நிற்பதுபோல் சிறிது நேரம் நின்றுபார்த்தார். உள்ளே சத்தம் எதுவும் இல்லை.

எழுந்து போய்த் தற்காலிக மாற்றங்களின் பதிவேட்டை எடுத்தார். அந்தத் தேதியில் வரிசை எண் எழுதப்பட்டிருந்தது. அடுத்த கட்டத்தில் கருவியின் பெயருடைய முதல் எழுத்து. அதன்பின் வரி வெறுமையாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருக்கும். பேனாவை வைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்த வரியில் வேறொருவர் கையெழுத்தில் வேறொரு கருவி.

அதோடு போயிருந்தால் அடுத்த ஆண்டே பிழை பிடிபட்டிருக்கும். பிடிபடாமல் போனதற்கும் அவரே காரணம். ஆண்டுச் சோதனைக்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை. முந்தைய தாளைப் பார்த்து, இருக்க வேண்டிய அளவு என்ற பத்தியை நகல் எடுத்துக்கொண்டு, எதிரே இப்போது காட்டும் அளவை எழுதுவது வழக்கம். மாற்றம் செய்த அன்று எழுதிய தாளில் 0.75க்கு எதிரே 0.375 என்று அவரே போட்டிருந்தார். அடுத்த ஆண்டு அதை நகல் எடுத்தார், கருவி 0.375 காட்டியது, பொருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. இரண்டு தாள்களையும் மேசையில் பரப்பி வைத்தார். கையெழுத்து நேர்த்தியாக இருந்தது. முக்கால் கொடுத்து அதில் பாதி வந்தால் ஏன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். அவர் இரண்டு முறையும் கேட்கவில்லை.

அவமானமோ பயமோ வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

அவர் முன் கிடந்த வேலை எளிது. சீட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மின்தடையைக் கழற்றிவிடலாம். கடிதம் கேட்டதும் அதுதான். பிறகு கருவி சரியாகக் காட்டும். யாரோ கை வைத்திருந்தார்கள் என்பது மட்டும் மிஞ்சும். யார் என்பதைத் தொழிற்சாலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. சால்டரிங் கோல் சூடேறித் தன் தாங்கியில் இருந்தது. அவர் அதை அணைத்தார். வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து, வந்த நிலை என்ற பத்தியை நிரப்பத் தொடங்கினார். அளவுகள் முடிந்ததும் அடியில் எழுதினார்: ‘இணை மின்தடை இந்த ஆய்வகத்தால் பொருத்தப்பட்டது. பொருத்தியவர், பதிவேட்டில் பதியாதவர், பின்வந்த இரு ஆண்டுச் சான்றிதழ்களிலும் தவறாகக் கையெழுத்திட்டவர்: கீழே கையொப்பமிடுபவர்.’ சீட்டை, மின்தடையை, வெற்று வரியைப் படம் எடுத்து இணைத்தார்.

மேலாளர் அம்மா தாளை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"இது வெளிய போனா உங்க சைன் பண்ற அதிகாரம் போயிடும். தெரியுதா?"

"தெரியும் மேடம்."

"ஆய்வகத்து மேலயும் கேள்வி வரும். நீங்க கையெழுத்துப் போட்ட மத்த தாள் எல்லாத்தையும் தோண்டுவாங்க. இருபது வருஷத்துத் தாள்!"

"தோண்டணும்."

"நான் வேணா அந்த ஃபேக்டரிக்கு ஃபோன் பண்றேன். ‘உங்க ஆள் மேல தப்பில்ல, பழைய மாத்தம் ஒண்ணு இருந்துச்சு’ன்னு பக்குவமாச் சொல்றேன். எழுத வேண்டாமே."

"ஃபோன்ல சொன்னதை விசாரணையில யாரும் மேசை மேல வைக்க முடியாது மேடம்."

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஒரு வார்த்தை வருத்தமாச் சொன்னா எனக்கும் ஏதாவது ஆறுதல் சொல்ல வரும். லிஃப்ட் ரிப்பேர்னு சொல்ற மாதிரி சொல்றீங்க."

அவர் பேனாவை நீட்டினார். மேலாளர் உறவு பற்றிய வரிக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் மேசைக்குத் திரும்பி, கோலை மறுபடி சூடேற்றி, மின்தடையைக் கழற்றினார். இரண்டு சொட்டு ஈயம் உருகி விலகியது; அரை நிமிட வேலை. 0.75 கொடுத்தார், 0.750 என்றது. 0.76இல் சிவப்பு எரிந்தது. விட்ட நிலை என்ற பத்தியை நிரப்பிக் கடைசி முறையாகச் சான்றிதழில் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அவரை அழைக்கவில்லை, தாள் போயிற்று. திங்கட்கிழமை தங்கை கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அன்றிரவு உணவு நேரத்தில் தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுவதா, சண்டை போடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

தங்கை கணவர் தொடங்கினார். "மூணு வாரம் மச்சான். பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்கல. லீவுன்னு சொல்லிப் படுத்துக் கிடந்தேன். அத்தனைக்கும் நீங்க செஞ்ச வேலை. அது போகட்டும். தப்பு யாருக்கும் வரும். ஆனா இதே இடத்துல உக்காந்து என்னைப் பார்த்து, கை வெச்சீங்களான்னு கேட்டீங்களே..."

"கேட்டேன்."

"கேட்டேனாம்! இவரு ஒத்துக்கறாராம்!" என்று மனைவியிடம் திரும்பினார். "பாரு, உங்கண்ணன் இதையும் ரெக்கார்டு பண்ணிடுவாரு. தேதி, கிழமை, டெம்பரேச்சர்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் மச்சானிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்.

தொழிற்சாலை, அந்த இடைக்காலத்தில் விற்ற சிறிய ஹீட்டர்களை வீடு வீடாகப் போய் அளந்துவர முடிவு செய்தது. முதல் கட்டமாக நூற்று எண்பத்தேழு வீடுகள். அளக்கத் தங்கை கணவரை அனுப்பினார்கள். உடன் ஒருவர் வேண்டும் என்று ஆய்வகத்தைக் கேட்டார்கள். கையெழுத்து அதிகாரம் இழந்து, புதியவர்களின் வேலைகளைச் செய்துகொண்டிருந்த தசமத்தை மேலாளர் அனுப்பினார்.

ஆறு வாரம் இருவரும் ஒரு சிறிய வண்டியில் சுற்றினார்கள். அவர் குளியலறைச் சுவரில் ஏணி சாய்த்து ஏறிக் கருவியை மாட்டுவார். தங்கை கணவர் கீழே நின்று பட்டியலில் குறிப்பார். "0.41." "ம்." "0.68." "ம்." "0.92." "கழட்டுங்க." இவ்வளவுதான் பேச்சு. இருபத்துமூன்று ஹீட்டர்களைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை அளவு முக்காலைத் தாண்டும்போதும் அவர் அந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். எதற்கு என்று தங்கை கணவர் ஒருநாள் கேட்கப் பார்த்து, கேட்காமல் விட்டார். தசமத்துக்கும் அது எதற்கென்று தெரியாது. எண் வந்தது, அதன் பின்னால் ஆட்களைக் கேட்கத் தோன்றியது. சில வீடுகளில் நான்கு பேர். ஒரு வீட்டில் ஒன்பது.

பட்டியலில் கடைசி, மணிக்கட்டு முறிந்த பெண்மணியின் வீடு. நான்காம் மாடி. அளக்க அங்கே எதுவும் இல்லை. ஹீட்டர் இருந்த இடத்தில் இரண்டு குழாய்கள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. மாற்று ஹீட்டருக்கு இடத்தை அளந்துகொண்டு போகத்தான் வந்திருந்தார்கள். மாவுக்கட்டு பிரித்த கை, மற்றதைவிட மெலிந்து வெளுத்திருந்தது. அந்தக் கையை இன்னொரு கையால் தாங்கியபடி பெண்மணி வாசலில் நின்றார்.

"எப்படிங்க இப்படி ஒரு ஹீட்டரை வெளிய விட்டாங்க?" என்று அந்த அம்மா கேட்டார். கோபம் ஆறிப்போன குரல்.

தங்கை கணவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னாலதாம்மா" என்றார் தசமம். அளக்கும் மின்தடை, அதற்கு இணையாகத் தான் வைத்தது, பதியாமல் விட்டது, இரண்டு தாளிலும் 0.375 என்று நகல் எடுத்தது, எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, தாழ்ந்த குரலில் சொன்னார். "அந்த வாரம் என் வீட்டுல..." என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

பெண்மணி இருவரையும் பார்த்தார். தசமம் சொன்னதில் பாதி அந்த அம்மாவுக்கு விளங்கியிருக்காது. "சரிங்க" என்றார். "மூணு மாசமா அடுப்புல வெந்நீர் வெச்சு ஒத்தைக் கையால தூக்கறேன். புதுசு எப்போ வரும்?"

"நாளைக்குக் காலைல பதினொரு மணிக்கு நானே கொண்டு வந்து மாட்டறேன்மா" என்றார் தங்கை கணவர்.

படியிறங்கும்போது தங்கை கணவர் ஏணியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். அவர் பின்பக்கத்தைப் பிடித்திருந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் விளக்கு இல்லை. முன்னால் போனவர் நின்றார், திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்க ரெண்டு படி உடைஞ்சிருக்கு மச்சான். பார்த்து வாங்க."

அவர் காலால் தடவிப் பார்த்து, முதல் படியின் உடையாத பக்கத்தைக் கண்டுபிடித்து, அதன் மேல் நின்றார்.